கொரியச் சிறுவர் படங்களில் பிரசாரத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து கண்டுபிடிப்பது எப்படி?

வசனத்தை மட்டும் துருவினால் பாதிப் பிரசாரம் கண்ணில் படாமல் போய்விடும். பழைய கொரியச் சிறுவர் படங்களில், சாகசக் கதை போர்க்கதையாக மாறும் இடத்தில்தான் அது உள்ளே நுழைகிறது. தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளோடு இதை அலச 90 நிமிடம் ஒதுக்குங்கள்.

இரண்டு படைப்புகள் வேண்டும். தெற்கிலிருந்து 1978இல் கிம் சோங்-கி இயக்கிய 'தளபதி டோரி'. காட்டில் விலங்குகளோடு வளரும் சிறுவன், டார்சான் பாணி சாகசம். பிறகு ஓநாய்ப் படையும் சிவப்புப் பன்றித் தலைவனும் வருகிறார்கள். வடக்கிலிருந்து 1977இல் தொடங்கிய 'அணிலும் முள்ளெலியும்' தொடர். அதில் நல்லவர்கள் அணில்கள். எதிரிகள் மரநாய்கள், ஓநாய்கள். ஒரு தரப்பை மட்டும் காட்டினால், பொய் சொல்வது அந்த நாடு மட்டும்தான் என்ற முடிவோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். இரண்டையும் காட்டியே ஆகவேண்டும்.

முழுப்படம் வேண்டாம். ஒவ்வொன்றிலும் வகை மாறும் இடத்தை முன்னதாகவே தேடி, அதற்கு முன்னும் பின்னுமாகப் பத்து நிமிடத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஒலியில்லாமல் ஓட்டுங்கள். பிள்ளைகள் தாளில் மூன்று கட்டம் போட்டு நிமிடம், இப்போது இது எந்த வகைப் படம், எதிரியின் நிறமும் உருவமும் என்று குறிக்கட்டும். இரண்டாம் முறை ஒலியோடு. அணிவகுப்பு இசை எந்த நொடியில் தொடங்குகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் குறித்த நிமிடத்தோடு அது ஒத்துவரும். அங்கே படத்தை நிறுத்தி, "இந்த எதிரி மனிதனாக இருந்திருந்தால் அடிக்கும்போது கைதட்டுவீர்களா?" என்று கேளுங்கள். இந்தப் பயிற்சியின் உயிரே இந்தக் கேள்விதான். அவசரப்பட்டுப் பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

வரலாற்றை அதன் பிறகு சொன்னால் போதும். வடக்கும் தெற்கும் மோதிய கொரியப் போரில் 1953இல் போர்நிறுத்தம் மட்டுமே கையெழுத்தானது, சமாதான ஒப்பந்தம் இல்லை. தென்கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ ஆட்சியில் பள்ளிகளிலேயே கம்யூனிச எதிர்ப்புச் சுவரொட்டிப் போட்டிகள் நடந்தன. இதை முதலிலேயே விளக்கினால் பிள்ளைகள் படத்தைப் பார்க்காமல் நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத் தேடத் தொடங்குவார்கள்.

நேரமிருந்தால் அதே இயக்குநரின் 1976ஆம் ஆண்டு 'ரோபோ டேக்வான் வி' படத்தில் ஒரு சண்டைக்காட்சி காட்டலாம். ராட்சத ரோபோக் கதையோடு கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவைக் கலந்து தேசப்பெருமையை ஊட்டிய படம். எதிரியை விலங்காக்காமலும் பிரசாரம் நடக்கும் என்பது அதில் புரியும்.

கடைசிக் கால்மணி நேரம் நம் சிங்கப்பூருக்கு. நாட்டைக் காப்பதில் எல்லாருக்கும் பங்குண்டு என்று நினைவூட்டும் முழுமைத் தற்காப்பு தினக் காணொளி ஒன்றையோ தேசிய தினப் பாடல் ஒன்றையோ அதே மூன்று கட்டத் தாளில் அலசச் சொல்லுங்கள். எதிரிக் கட்டம் காலியாக இருந்தால், அச்சம் காட்டாமல் அது எப்படி மனத்தைத் தொடுகிறது என்று கேளுங்கள்.

வீட்டில் பார்ப்பது வேறு, சமூக மன்றத்தில் திரையிடுவது வேறு. பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரப்பிரிவு விதிகளையும் அறை பதிவுசெய்யும் முன்பே பார்த்துவிடுங்கள்.