சட்டத் தத்துவம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டக் கல்லூரி விடைத்தாள்களை ஒவ்வொரு ஆண்டும் திருத்துகிறேன். பெயர் மாறுவது, ஆண்டு தவறுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

"சட்டம் என்றாலே பணிய வேண்டும் என்றார் ஹார்ட்"

ஆங்கிலேயச் சட்டத் தத்துவவாதி எச்.எல்.ஏ. ஹார்ட்டைப் பற்றி விடைத்தாள்களில் வரும் இந்த வரியைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற) போட்டியில் ஒரு மாணவர், "பாசிட்டிவிசத்தின்படி நாஜிச் சட்டமும் சட்டமே; எனவே அதன்படி நடந்தவர்மேல் தவறில்லை" என்று வாதாடினார். "அந்த 'எனவே' எங்கிருந்து வந்தது?" என்று நடுவர் கேட்டார். அதோடு வாதம் முடிந்தது.

ஒரு விதி சட்டமா என்பது ஒரு கேள்வி, அதற்குப் பணியலாமா என்பது வேறு கேள்வி என்றுதான் ஹார்ட் சொன்னார். அவர் சார்ந்த பாசிட்டிவிசம், ஒரு விதி சட்டமா என்பது அது நியாயமானதா என்பதைப் பொறுத்ததல்ல என்னும் கொள்கை. இரண்டையும் பிரித்தால்தான் "இது சட்டம்தான், ஆனாலும் இவ்வளவு கொடியதற்குப் பணிய மாட்டேன்" என்று ஒருவர் தெளிவாகச் சொல்ல முடியும்.

1944இல் ஜெர்மனியில் ஒரு பெண், விடுப்பில் வந்த ராணுவக் கணவர் ஹிட்லரை இழிவாகப் பேசியதாகக் காட்டிக்கொடுத்தார். கணவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு போர்முனைக்கு அனுப்பினார்கள். 1949இல், கணவரின் சுதந்திரத்தைப் பறித்ததாக அந்தப் பெண்மேலேயே வழக்கு. அன்றைய சட்டப்படிதான் செய்தேன் என்றார். பொறுக்கவே முடியாத அநீதி கொண்ட சட்டம் சட்டமே ஆகாது என்று 1946இலேயே ஜெர்மன் சட்ட அறிஞர் ராட்புரூக் எழுதியிருந்தார். ஹார்ட் 1958இல் அதை ஏற்க மறுத்தார். தண்டிக்க வேண்டுமானால் முன்தேதியிட்டு வெளிப்படையாக ஒரு சட்டம் போடுங்கள், அப்படித் தண்டிப்பதும் ஒரு தீமைதான் என்பதை மறைக்காதீர்கள் என்றார். செய்தபோது குற்றமாக இல்லாத ஒன்றுக்காகத் தண்டிக்கப்படாமல் இருக்கும், குற்றம் சாட்டப்பட்டவரின் சுதந்திரமும் இதில் அடங்கியிருக்கிறது. விடைத்தாள்களில் விடுபடுவது இதுதான்.

அப்புறம், அதே ஆண்டு அமெரிக்கச் சட்டத் தத்துவவாதி ஃபுல்லர் ஹார்ட்டுக்கு எழுதிய பதிலையும் படியுங்கள். ரகசிய ஆணைகளால் நடந்த ஆட்சியில் சட்டம் என்று ஒன்று இருந்ததா என்ற அவருடைய கேள்வி ஹார்ட்டை உண்மையிலேயே நெருக்குகிறது.

டெவ்லினையும் 2018 தீர்ப்பையும் ஒரே பக்கம் நிறுத்துவது

வயது வந்த ஆண்கள் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாக இருக்கக் கூடாது என்றது பிரிட்டனில் 1957இல் வந்த வுல்ஃபென்டன் அறிக்கை. பொது ஒழுக்கம் குலைந்தால் சமூகமே குலையும் என்று அதன் அடிப்படையை எதிர்த்தார் ஆங்கிலேய நீதிபதி டெவ்லின். ஒருபாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பற்றிய 2018 வழக்கில் நம் உச்ச நீதிமன்றமோ, சமூக ஒழுக்கத்துக்கு மேலே அரசியலமைப்பு அறத்தை, அதாவது அரசியலமைப்பின் அடிப்படை மதிப்புகளை, வைத்தது. இரண்டும் எதிரெதிர்.

மில் ஒருவரே போதும் என்பது

பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவரின் சுதந்திரத்தில் சட்டம் தலையிடக் கூடாது என்றார் ஜான் ஸ்டூவர்ட் மில். சட்டத்தின் எல்லையை வரைய அது மட்டும் போதாது. ஒருவரின் நன்மைக்காகவே அவரைத் தடுக்கும் சட்டங்கள் விஷயத்தில் ஹார்ட்டே மில்லோடு முழுதாக உடன்படவில்லை.