வாளியில் ஒரு தக்காளிக் கன்று: நட்ட நாளிலிருந்து பிஞ்சு வரை

மட்டக்களப்பில் எங்கள் கல்லடிப் பக்கம் வீட்டு முற்றம் என்றால் மணல்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் எங்கே போனதென்றே தெரியாது. அதனால்தான் நிலத்தை விட்டுவிட்டு வாளிக்கு மாறினேன்.

நான் நடுவது தைப்பொங்கல் கழிந்த கையோடு. மாரி மழை ஓயத் தொடங்கியிருக்கும், இரவும் கொஞ்சம் குளிராக இருக்கும். பிந்தினால், சுடச்சுட வீசும் கச்சான் காற்றுக் காலத்தில்தான் பூ வரும். பகல் 35 டிகிரியைத் தொட்டால் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிர்ந்துவிடும்.

படி 1: வாளி
15 முதல் 20 லீற்றர் கொள்ளும் பழைய பெயின்ட் வாளி போதும். நன்றாகக் கழுவி, அடியில் சுண்டுவிரல் பருமனில் ஆறேழு ஓட்டை போடுங்கள். இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஓட்டை அடைபடும்.

படி 2: மண்
மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளில் உப்பு இருக்கும், இரண்டு தரம் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், வேர் வெந்துபோகும். கத்தரியோ மிளகாயோ வாடிச் செத்த இடத்து மண்ணையும் தொடாதீர்கள். அவையும் தக்காளியின் குடும்பந்தான், வாடல் நோய்க் கிருமி மண்ணிலேயே கிடக்கும்.

படி 3: நடுதல்
நாலைந்து இலை விட்ட நாற்றை அந்தி நேரத்தில் நடுங்கள். தண்டைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் பரு மாதிரித் தெரியும். மண்ணுக்குள் போனால் அதெல்லாம் வேராகும். ஆகவே கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகள் மட்டும் வெளியே தெரிய ஆழமாகப் புதையுங்கள். ஊன்றுகம்பையும் அன்றே குத்திவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறும். மூன்று நாள் நிழல், அப்புறம் ஆறு மணி நேரமாவது வெயில்.

படி 4: தண்ணீர்
முதல் கன்றை நான் கொன்றது இதில்தான். இலை சோர்ந்திருக்கிறதே என்று காலை, மத்தியானம், அந்தி என்று ஊற்றினேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன புள்ள, கன்று வளர்க்கிறியா, வயல் வெள்ளாமையா? விரல விட்டுப் பாரு முதல்ல” என்றார். விட்டேன். உள்ளே சேறு. வேர் மூச்சு முட்டினாலும் இலை அப்படித்தான் சோரும்.

சரி, எப்படிப் பார்ப்பது? விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால், அடி ஓட்டையால் வடியும் வரை மெதுவாக, இலை நனையாமல் ஊற்றுங்கள். மத்தியான வெயிலில் சோர்ந்து அந்தியில் நிமிர்ந்தால் கன்று நலமாகவே இருக்கிறது. விடியற்காலையிலும் சோர்ந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். மேலே நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் போட்டால் ஈரம் நிற்கும். கிணறு உவராக இருந்தால் மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ நல்லது. வாளி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தால் அதுதான் அறிகுறி.

காய வைத்து, பிறகு மொத்தமாக ஊற்றுவதும் கூடாது. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போகிறது. அது விட்டு விட்டுப் போனால் காயின் அடி கறுத்து அழுகும்.

படி 5: கிள்ளலும் காவலும்
ஓங்கி வளரும் இனமென்றால், இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் வரும் பக்கத் தளிரைச் சுண்டுவிரல் நீளத்தில் கிள்ளிவிடுங்கள். குட்டையான இனத்தில் முதல் பூவுக்குக் கீழே உள்ளதை மட்டும். யூரியா அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பிடி மக்கிய எரு போதும். செடியைத் தட்டினால் வெள்ளைத் தூசு மாதிரிப் பறப்பது வெள்ளை ஈ. இலைச்சுருட்டை நோயைக் கொண்டுவருவது அதுதான். இலையின் அடிப்புறத்தில் வேப்பங்கொட்டைக் கரைசலை அந்தியில் தெளியுங்கள். முற்றாகச் சுருண்ட கன்றைப் பிடுங்கிவிடுங்கள், பாவம் பார்த்தால் பக்கத்து வாளிக்கும் போகும்.

பூத்ததும் காலை ஒன்பது மணியளவில் பூக்கொத்தின் காம்பை விரலால் இரண்டு சுண்டு சுண்டுங்கள். சில நாளில் இதழ் வாடிச் சுருங்கும். அதற்குள்ளே கடுகளவில் பச்சையாக ஒன்று தெரியும்.