பம்ப் சுற்றுகிறது, தண்ணீர் ஓடுகிறதா?

கம்ப்யூட்டரின் பயாஸில் (ஆன் ஆகும்போது வரும் செட்டிங்ஸ் திரை) 4800 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 4800 சுற்று, காட்டுகிறது என்பதால் மட்டும் அதைத் தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் கூலிங் பம்ப் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது இம்பெல்லரின், அதாவது பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின், வேகம். பிராசஸர்மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் வாட்டர் பிளாக்கின் நுண்ணிய இடுக்குகளில் அழுக்கு அடைத்திருந்தாலும் இம்பெல்லர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு பக்கெட்டும் சமையலறைத் தராசும் போதும்.

முதலில் தண்ணீர். புதுச்சேரி, கடலூர் கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. சோதனைக்குத்தானே என்று அதை ஊற்றினால் தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டருக்குள் உப்பு படிந்துவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் இரண்டு வாங்குங்கள். லேபிளைப் படித்து வாங்குங்கள். பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும்.

மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு கனெக்டர்களைக் கழற்றிவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) பம்பை மட்டும் மாட்டுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போதே 24 பின் கனெக்டரின் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணையுங்கள்; அப்போதுதான் போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகும். எல்லாமே கறுப்பு என்றால் 16, 17-ஆம் பின்கள். பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது. அதன் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

தண்ணீர் நிரம்பிய பக்கெட்டை ஸ்டூல்மேல் வையுங்கள், பம்பு தரையில். பக்கெட்டிலிருந்து வரும் டியூபில் காற்றில்லாமல் தண்ணீர் இறங்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். வெளியேறும் டியூபின் வாய் பக்கெட்டின் நீர்மட்டத்துக்கு நேராக இருக்கட்டும். கீழே தொங்கவிட்டால் சைபன் இழுத்து, அளவு கூடுதலாகக் காட்டும். குமிழி நிற்கும்வரை பக்கெட்டுக்குள்ளேயே விட்டு, பிறகு காலிப் பாத்திரத்துக்கு மாற்றி 30 விநாடி பிடியுங்கள். எடையைக் கிலோவில் பார்த்து இரண்டால் பெருக்கினால் நிமிடத்துக்கான லிட்டர். 2 கிலோ என்றால் 4 லிட்டர். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

பிளாக், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து ஒருமுறை, பம்பு மட்டும் ஒருமுறை (இதற்கு 10 விநாடி பிடித்து ஆறால் பெருக்கினால் போதும்). டி5 என்ற மாடல் பம்புக்குப் பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கு 1500 லிட்டர், எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது. அதை எதிர்பார்க்க வேண்டாம். தனியாக நன்றாக ஓடி, சேர்த்தால் மிகவும் சரிந்தால் அடைப்பு பெரும்பாலும் பிளாக்கில்தான். பிரித்துப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள்.

எவ்வளவு ஓடினால் போதும்? நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீர், 1 டிகிரி சூடேறும்போது சுமார் 70 வாட் வெப்பத்தைக் கொண்டுபோகும். 350 வாட் சிஸ்டத்தில் 1 லிட்டர் ஓடினால் உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் 5 டிகிரி வித்தியாசம். 4 லிட்டர் ஓடினால் ஒன்றே கால்தான். அதற்கு மேல் வேகம் கூட்டினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும்.

தனியாக ஓட்டும்போதே குறைவு என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பம்பைக் குறை சொல்லாதீர்கள். உப்புக்காற்றில் பின்கள் பச்சை பிடித்திருக்கலாம்; துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.