குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை: என் அனுபவம்

எங்கள் ஊருக்குக் கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் திறப்பார்கள். திறந்ததும் முதலில் வருகிற தண்ணீரில் லேசான சாக்கடை வாடை, அப்புறம் தெளிந்துவிடும். தெளிந்தால் சரியாகிவிட்டது என்று விட முடியாது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

தண்ணீர் திறந்துவிடும் அண்ணனிடம் குளோரின் பார்க்கும் குப்பி இருந்தது. தெருக்குழாய்த் தண்ணீரில் மருந்தை விட்டதும் மஞ்சள் நிறம் வந்தது, அதாவது குளோரின் இருக்கிறது. எங்கள் குழாயில் நிறமே இல்லை. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். ஆக, கோளாறு இரண்டுக்கும் நடுவில்தான்.

தோண்டினால், சாக்கடைக்கு அடியில் போகும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை. தண்ணீரை நிறுத்தியதும் குழாய் காலியாகி, வெளியே இருக்கும் கழிவை உள்ளே இழுத்திருக்கிறது. நேரம் வைத்துத் தண்ணீர் விடும் எல்லா ஊரிலும் இந்த ஆபத்து உண்டு. புதுக் குழாயைச் சாக்கடைக்கு மேலே, உறைக்குழாய்க்குள் (பாதுகாப்புக்காக வெளியே போடும் பெரிய குழாய்) விட்டுக் கொண்டுபோனோம். தரைத்தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம்.

கழிவுக் கிருமி இருந்தால் கறுக்கும் எச்2எஸ் குப்பியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். கறுக்கவில்லை. குழந்தைக்கு மட்டும் இன்னும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்.