சோடியம் பென்சோயேட்டில் பாக்டீரியா பிழைக்குமா? சோதிக்கும் முறை

சோடியம் பென்சோயேட் உணவு கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருள். அதைச் சோதிக்க, நோய் உண்டாக்காத ஈ.கோலை கே-12 என்ற பாக்டீரியா வகை போதும். ஊட்டக் குழம்பில் (பாக்டீரியா வளர்க்கும் திரவம்) லிட்டருக்கு 1 கிராம் பென்சோயேட்டைக் கரைத்த பிறகே அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 4.5க்குக் கொண்டுவாருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: பிஹெச் 7இல் சோதித்துவிட்டு, பலனில்லை என்று முடிவுகட்டுவார்கள். அமிலம் சேரும்போது பென்சோயேட் பென்சோயிக் அமிலமாகிறது; அதன் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் அயனியாக இருக்கும் பிஹெச்) 4.2, அயனியாகாத மூலக்கூறுதான் செல் சவ்வை எளிதில் தாண்டும், பிஹெச் 7இல் அது இல்லாததற்குச் சமம். பென்சோயேட் இல்லாத பிஹெச் 4.5 குழாயும் கட்டாயம் வேண்டும்; இல்லாவிட்டால் கொன்றது அமிலமா, பென்சோயேட்டா என்றே தெரியாது.

இரண்டு குழாயிலும் ஒரே அளவு பாக்டீரியா. 0, 2, 6, 24 மணி நேரத்தில் 1 மில்லி எடுத்து, 9 மில்லி உப்புக்கரைசலில் படிப்படியாகப் பத்து மடங்கு நீர்த்து, 0.1 மில்லியை அகார் தட்டில் (பாக்டீரியா வளரும் கூழ்த் தட்டு) பரப்புங்கள். ஒவ்வொரு படிக்கும் பிப்பெட் முனையை மாற்றுங்கள். பழைய முனையில் ஒட்டியவை எண்ணிக்கையை ஏற்றிவிடும். 37 டிகிரியில் ஓரிரவு வைத்து, 30 முதல் 300 காலனி (பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளி) உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கம்) செய்யாமல் வீசக் கூடாது.