கோத்தகிரி ஈரத்தில் கரி உலை: என் அனுபவம்

தேயிலைக் கவாத்துக் கத்திகளைப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கிறேன். மழை மாதங்களில் இரும்பு செம்மஞ்சளுக்கு ஏறாமல் மங்கிய சிவப்பிலேயே நிற்கும். அந்தச் சூட்டில் சம்மட்டி போட்டால் பட்டை விரிசல் விடும்.

நிலக்கரி சரிவரவில்லை; கந்தகப் புகை, பக்கத்திலேயே வீடுகள். சமையல் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, குளிரில் அழுத்தமும் இறங்கும். கோத்தர் பழங்குடியினர் தலைமுறைகளாக இந்த நீலகிரி மலையில் மரக்கரியில்தானே இரும்படித்தார்கள்! நானும் கரிக்கே வந்தேன்.

சீகைமரக் (வாட்டில் மரம்) கரியில் குறை இல்லை, ஈரம்தான் வில்லன். நனைந்த கரி பட்பட்டென்று வெடிக்கும். சூட்டில் ஒரு பங்கு அதை உலர்த்தவே போய்விடும். இப்போது மூடியுள்ள தகர டிரம்மில் வைக்கிறேன். அன்றைக்கு வேண்டியதை மட்டும் உலை விளிம்பில் பரப்பிக் காயவிட்டு, நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துவிடுவேன். தூள் காற்றை அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் சிரட்டைக்கரியைப் பாதி கலக்கிறேன். நின்று எரியும், ஆனால் காற்றூதும் ப்ளோயர் நின்றால் சட்டென்று மங்கும். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு; அதனால் ப்ளோயரைச் சமவெளியில் வைப்பதைவிடக் கூட்டித்தான் வைக்க வேண்டும். இரும்பைக் காற்றுக் குழாய்க்கு நேரே வைக்காதீர்கள், செதில் உரியும். நடுவில் நல்ல கனத்துக்குக் கரி இருக்கட்டும்.

குளிருக்குப் பயந்து பட்டறைக் கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள். கரிப்புகையில் வாசனையே தெரியாத நச்சுவாயு உண்டு.