பொழியூர்ப் பக்கம் ஒரு யூர்ட், ஒரு பை புத்தகம்: முதல்முறை போகிறவர்களுக்கு

படிப்பதற்கென்றே விடுப்பு எடுக்கிறீர்களா? கொல்லங்கோடு, நீரோடி, கேரள எல்லை தாண்டினால் பொழியூர், பூவார் என்று நீளும் கடற்கரைக்குப் போய், யூர்ட் என்ற கூடாரம் போட்டுத் தங்குங்கள். பாறசாலையில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும், எல்லையின் இரண்டு பக்கமும் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம்.

முதலில் மாதம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் கடல் கரையை அரிக்கும், அது முடிந்தால் வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரிதான் நல்லது.

அடுத்து இடம். கடற்கரை மணலில் கூடாரம் அடிக்கவே கூடாது. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய புயல்காற்றால் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள், 2012இல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது, கிளம்பும் முன் பாருங்கள். கரையை விட்டுத் தள்ளி இருக்கும் தென்னந்தோப்பில், தோப்புக்காரரிடம் கேட்டு வாடகை பேசிக்கொள்வதே சரி. காய்த்த மரத்தடி மட்டும் வேண்டாம்.

யூர்ட் என்பது மத்திய ஆசிய மேய்ப்பர்களின் வட்டக் கூடாரம். அவர்கள் குளிருக்காக அழுத்திய கம்பளியைப் போர்த்துவார்கள், நம் கடலோரப் புழுக்கத்துக்குப் பருத்திக் கேன்வாஸ்தான் தாங்கும். வட்டமாக இருப்பதால் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சுற்றிக்கொண்டு போய்விடும். வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ இரண்டே விஷயம் பாருங்கள்: பக்கத் துணியைச் சுருட்டி மேலே கட்ட முடிய வேண்டும், உச்சியில் சூடு வெளியேற வழி இருக்க வேண்டும்.

தோப்பு மண்ணும் மணல்தான், அதில் முளைக்குச்சி நிற்காது. சின்னச் சாக்குகளில் மணலை நிரப்பி வாயைக் கட்டி, அதில் கயிற்றை முடிந்து, முழங்கால் ஆழக் குழியில் புதைத்து நன்றாக மிதித்துவிடுங்கள், எவ்வளவு இழுத்தாலும் வராது. வாசல் நிலத்தைப் பார்த்து இருக்கட்டும். பகலில் கடல்காற்று மணலை வாரிக்கொண்டு வரும், அது புத்தகத்தின் முதுகுக்குள் புகுந்தால் லேசில் போகாது.

இனி படிப்பு, இத்தனை ஏற்பாடும் இதற்குத்தானே. இங்கே கடல் மேற்கில். அதனால் காலையில் நாற்காலியைக் கடல் பக்கம் போட்டால் கூடார நிழல் உங்கள் மேல் விழும், மதியத்துக்கு அப்புறம் வாசல் பக்கம் மாற்றிவிடுங்கள். தடிமனான நாவல் ஒன்றும் சிறுகதைத் தொகுப்பு ஒன்றும் போதும் என்பேன், பத்தை அடுக்கிக்கொண்டு போனால் எதிலும் மனம் நிற்காது. ஈரக்காற்றில் தாள் வளையும், படிக்காத நேரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு வையுங்கள். இரவில் கொசுவலைக்குள் மங்கலான மஞ்சள் விளக்கு, வெள்ளை விளக்கென்றால் பூச்சி மொய்க்கும்.

கிளம்பும் நாளில் கேன்வாஸை ஈரத்தோடு மடிக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்துவிடும். பனி காய்வதற்குள் கட்டன் சாயாவோடு (பால் விடாத தேநீர்) மிச்சமிருக்கும் அத்தியாயத்தை முடித்துவிடலாம்.